2016 ஏப்ரல் 13: கோபியின் 60, வாரியர்ஸின் 73 – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரலில் அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்.பி.ஏ.வின் லீக் ஆட்டங்கள் முடியும் சமயம் வந்தால் போதும், வருடா வருடம் நண்பர்களிடமிருந்து எனக்கு இதே கேள்விகள் வரும். 2016இல் அந்த ஒரு இரவை நான் நேரலையில் பார்த்தவன் என்று அவர்களுக்குத் தெரியும். இப்போது பாஸ்கெட்பால் பார்க்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் பலர் அப்போது ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பார்கள், அவர்களும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் கோபி ஆடிய லேக்கர்ஸ் அணியின் ரசிகன், என் தம்பி வாரியர்ஸ் அணியின் ரசிகன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதியிருப்பதில் அது தெரியத்தான் செய்யும்.

அப்படி என்னதான் நடந்தது அன்று?

2015-16 சீசனின் லீக் ஆட்டங்களுக்கு அதுதான் கடைசி நாள். கலிபோர்னியாவில் ஒரே மாலையில், ஏறக்குறைய ஒரே நேரத்தில், இரண்டு ஆட்டங்கள் தொடங்கின. ஓக்லாண்டில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், மெம்ஃபிஸ் க்ரிஸ்லீஸை 125-104 என்று வென்று அந்த சீசனின் 73ஆவது வெற்றியை எடுத்தது. ஒரு சீசனில் 82 ஆட்டம், அதில் 73 வெற்றி, 9 தோல்வி. அதற்கு முன் எந்த அணியும் அவ்வளவு ஜெயித்ததில்லை.

லாஸ் ஏஞ்சலிஸில், ஸ்டேபிள்ஸ் சென்டரில், கோபி பிரையன்ட் தன் கடைசி ஆட்டத்தை ஆடினார். யூட்டா ஜாஸுக்கு எதிராக 60 புள்ளி. வயது 37, ஒரே அணியில் 20ஆவது சீசன். லேக்கர்ஸ் 101-96 என்று ஜெயித்தது. அந்த சீசன் முழுவதும் லீக்கில் வேறு யாரும் ஒரே ஆட்டத்தில் 60ஐத் தொடவில்லை.

இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிப் பார்த்தீர்கள்?

அங்கே மாலை ஏழரை என்றால் இங்கே மறுநாள் காலை எட்டு. ஏப்ரல் 14, துர்முகி வருடப் பிறப்பு, எல்லாருக்கும் லீவு. வீட்டில் ஹாலில் ஸ்டூல் மேல் லேப்டாப்பை வைத்து அதில் லேக்கர்ஸ் ஆட்டம், தம்பி கையில் போனில் வாரியர்ஸ் ஆட்டம். போனில் ஓடுவது லேப்டாப்பைவிட கொஞ்சம் முந்தி வரும், அதனால் அவன் பக்கம் ஸ்கோர் ஏறும் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். அடுப்படியில் அம்மா பச்சடிக்கு வேப்பம்பூ வறுத்துக்கொண்டிருந்தார், அந்த வாசனை வீடு முழுக்க. "சாமி கும்பிட்டுட்டு அப்புறம் பாருங்கடா" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். ஹாஃப் டைம் வரும்போது ஓடிப்போய் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தோம்.

அப்பாவுக்கு பாஸ்கெட்பாலில் ஒன்றும் தெரியாது. பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், மூன்றாவது குவார்ட்டர் (ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதி) போகும்போது பேப்பரை மடக்கிவிட்டு, "யாருப்பா அந்த 24, இவ்வளவு மூச்சு வாங்குறான், உக்கார வைக்கக் கூடாதா?" என்று கேட்டார். அன்று அந்த ஆட்டத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில் எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு வரிதான். 24 என்பது கோபியின் சட்டை எண். கோபி இரண்டு கையாலும் ஷார்ட்ஸின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பார், வாய் திறந்திருக்கும், விசில் அடித்ததும் நிமிர்ந்து ஓடுவார். புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது பழகிப்போயிருந்தது. அப்பா சொன்ன பிறகுதான் அந்த மூச்சை நானும் கவனிக்க ஆரம்பித்தேன்.

73 என்பது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்?

1995-96இல் மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ புல்ஸ் 72-10 என்று முடித்தது. அந்த எண்ணை இனி யாரும் நெருங்கவே மாட்டார்கள் என்று 20 வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாரியர்ஸ் கோச் ஸ்டீவ் கெர் அந்த புல்ஸ் அணியில் ஆடியவர். தன் பெயர் இருக்கும் சாதனையைத் தன் வீரர்கள் கையாலேயே முறியடிக்க வைத்தவர் அவர். அதுவும் முதுகு அறுவை சிகிச்சையால் முதல் 43 ஆட்டங்களுக்கு அவர் பெஞ்சுக்கே வரவில்லை. உதவி கோச் லூக் வால்ட்டன் அதில் 39 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தார்.

எண்ணைவிட எனக்குப் பிரமிப்பாக இருப்பது வேறு. சீசனின் முதல் 24 ஆட்டங்களையும் ஜெயித்தார்கள். அதற்குப் பிறகும் 82 ஆட்டம் முடியும்வரை ஒரு தடவைகூடத் தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்கவில்லை. ஒரே அணியிடம் இரண்டு தடவை தோற்கவும் இல்லை. ராத்திரி ஆட்டம், விடியற்காலை விமானம், மறுநாள் இன்னொரு ஊரில் ஆட்டம் என்று ஆறு மாதம் ஓடுகிற லீக் இது. காய்ச்சல் வரும், கணுக்கால் பிசகும், மனசு சலிக்கும். அத்தனையிலும் மறுநாள் எழுந்து வந்து ஜெயித்துவிடுவது என்றால் அதை வெறும் திறமை என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

ப்ளேஆஃப் (லீக் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) வரும் நேரத்தில் வாரியர்ஸ் தன் வீரர்களுக்கு ஓய்வு கொடுத்திருக்க வேண்டாமா?

அன்றும் இதே வாக்குவாதம்தான். கெர் முடிவை வீரர்களிடமே விட்டார், அவர்கள் சாதனை வேண்டும் என்றார்கள். கடைசி சில நாளைப் பாருங்கள். ஏப்ரல் 9 மெம்ஃபிஸில் 100-99, ஒரே ஒரு புள்ளியில் தப்பித்தார்கள். மறுநாளே சான் அன்டோனியோ. அந்த ஊர் அணியான ஸ்பர்ஸ் அந்த சீசனில் சொந்த ஊரில் அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, வாரியர்ஸோ 1997க்குப் பிறகு அந்த ஊரில் ஒரு லீக் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. அங்கே போய் 92-86. அது 72ஆவது வெற்றி. மூன்று நாள் கழித்து 73.

ஓய்வு எடுத்திருந்தால் கோப்பை கிடைத்திருக்குமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தெரியாது, யாராலும் சொல்லவும் முடியாது. ஆனால் சாதனை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது "எனக்குக் கால் வலிக்கிறது, நான் உட்காருகிறேன்" என்று சொல்லாத ஒரு கூட்டத்தை எனக்குப் பிடிக்கும்.

வாரியர்ஸின் ஸ்டீபன் கரி அன்று என்ன செய்தார்?

46 புள்ளி, 10 த்ரீ (தூரக் கோட்டுக்கு வெளியே நின்று போடும் மூன்று புள்ளி ஷாட்). அரை மணி நேர ஆட்டத்தில். நாலாவது குவார்ட்டரில் அவர் ஆடவே தேவை இருக்கவில்லை, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சில் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் தொடங்கும்போது அந்த சீசனில் அவர் போட்டிருந்தது 392 த்ரீ. 400ஐத் தொட எட்டு வேண்டும். ஒரே ஆட்டத்தில் எட்டு த்ரீ என்பது பெரும்பாலான வீரர்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவை வாய்த்தால் அதிகம். இவர் பத்து போட்டு 402இல் நிறுத்தினார். முந்தைய சாதனை 286, அதுவும் இவருடையதே, முந்தைய வருடத்தினது. ஒரே வருடத்தில் 286இலிருந்து 402க்குத் தாவுவது எப்படிப்பட்டது என்று தம்பி எனக்கு விளக்க முயன்றுகொண்டே இருந்தான், நான் லேப்டாப்பைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவனிடம் இன்றுவரை எனக்கு அந்தக் கடன் இருக்கிறது. பிற்பாடு தனியாக உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். மெம்ஃபிஸ் பாவம், காயங்களால் அந்த சீசனில் 28 பேரைக் களமிறக்க வேண்டியிருந்த அணி. அவர்களால் அன்று தாக்குப்பிடிக்கவே முடியாது என்பது முதல் சில நிமிடத்திலேயே தெரிந்துவிடும். ஆனாலும் நடுக்கோட்டைத் தாண்டி நாலு அடி வைத்ததும் கரியின் கை மேலே போகிற அந்த வேகத்தைப் பார்க்க எதிரணி பலமாக இருந்தாக வேண்டும் என்று இல்லை.

லேக்கர்ஸ் அவ்வளவு மோசமான அணியா?

17 வெற்றி, 65 தோல்வி. அந்த அணியின் வரலாற்றிலேயே இதுதான் அடிமட்டம். முந்தைய வருடத்து 21-61 அதற்கு முன் அடிமட்டமாக இருந்தது. ஐந்து கோப்பை வாங்கிக் கொடுத்தவரின் கடைசி இரண்டு வருடமும் இப்படிப் போனது ரசிகர்களுக்கு வேதனைதான். 2013 ஏப்ரல் 12இல் குதிகால் தசைநாண் அறுந்தது, அதுவும் வாரியர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில். அந்தக் காலோடு நின்று இரண்டு ஃப்ரீ த்ரோவையும் (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஷாட்) போட்டுவிட்டு நடந்து வெளியே போனார். அதற்குப் பிறகு முழங்கால், அப்புறம் தோள்பட்டை.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 2015-16க்கு அவருடைய சம்பளம் 2.5 கோடி டாலர். அந்த வருடம் ஓர் அணி தன் வீரர்கள் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுப்பதற்கு லீக் வைத்திருந்த வரம்பே 7 கோடி டாலர். பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருவருக்கே போனால் மீதியில் நல்ல அணி கட்டுவது கஷ்டம். அவரோ அந்த சீசனில் போட்ட ஷாட்களில் 35.8 சதவீதம்தான் உள்ளே விழுந்தது. ரசிகனாக இருந்தாலும் இதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

50 ஷாட் எடுத்தார் என்கிறார்கள். அது சுயநலம் இல்லையா?

இதுதான் அதிகம் வருகிற கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆமாம், 50 ஷாட். அதில் 22 விழுந்தது. த்ரீ 21 எடுத்து 6 மட்டும். ஃப்ரீ த்ரோ 12க்கு 10. முப்பது வருடத்தில் எவரும் ஒரே ஆட்டத்தில் அவ்வளவு ஷாட் எடுத்ததில்லை. 1993இல் ஜோர்டன் 49 எடுத்திருக்கிறார், அதுவும் ஓவர்டைம் வரை போன ஆட்டத்தில். சாதாரண நாளில், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில், ஒரு வீரர் இப்படி ஆடினால் நானே திட்டுவேன். பள்ளி டீமில் எங்களில் ஒருவன் இப்படி ஆடியிருந்தால் பி.டி. வாத்தியார் மைதானத்தைப் பத்து சுற்று சுற்ற வைத்திருப்பார்.

ஆனால் அன்று அந்த அரங்கத்தில் இருந்த யாருக்கும் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. லேக்கர்ஸுக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் அட்டவணையில் ஒன்றும் மாறாது. கூட ஆடிய பையன்களே பந்தைப் பிடித்ததும் அவரைத்தான் தேடினார்கள். முன்பு லேக்கர்ஸில் கோபியோடு ஆடிய ஷாகில் ஓனீல் முன்கூட்டியே "50 போட்டுக் காட்டு" என்று சொல்லி வைத்திருந்தார். முதல் ஐந்து ஷாட்டும் விழவில்லை. அப்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 20 வருடம் ஆடிய மனிதன் கடைசி நாளில் இப்படித் தவறவிட்டுக்கொண்டே போகப்போகிறாரா என்று. ஜோர்டனின் கடைசி ஆட்டத்தில் 15 புள்ளி. டெண்டுல்கர் கடைசி டெஸ்டில், மும்பையில், 74 அடித்தபோது நம் ஊரே நிம்மதிப் பெருமூச்சு விட்டதே, அதே மாதிரி ஒரு 25 போட்டுவிட்டால் போதும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஆறாவது ஷாட் விழுந்தது. முதல் குவார்ட்டர் முடிவில் 15, பாதி நேரத்தில் 22, மூன்றாவது முடிவில் 37.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 50க்கு 22 என்றால் 44 சதவீதம். அந்த சீசனில் லீக்கின் சராசரியே 45ஐ ஒட்டித்தான். மற்ற வீரர்கள் பத்து ஷாட் எடுத்து நாலைந்து போடுகிற அதே விகிதத்தில், களைத்துப்போன 37 வயதுக்காரர், அரங்கமே தன்னை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எதிரணிக்கு யார் ஷாட் அடிக்கப் போகிறார் என்று நூறு சதவீதம் தெரிந்திருக்கும்போது, ஐம்பது ஷாட் போட்டிருக்கிறார். சுயநலம் என்ற சொல் எனக்கு அங்கே பொருந்தவில்லை. வந்தவர்கள் கேட்டதைக் கொடுத்தார், 42 நிமிடம் ஓடிக் கொடுத்தார்.

ஜாஸ் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்ததா?

இல்லை என்றுதான் நம்புகிறேன். பாதி நேரத்தில் ஜாஸ் 57-42 என்று முன்னால் இருந்தது. விட்டுக்கொடுக்க வந்தவர்கள் 15 புள்ளி முன்னால் போகமாட்டார்கள். ஒரு விஷயம் உண்மை. அன்று மாலையே ஹூஸ்டன் ராக்கெட்ஸ் சாக்ரமென்டோவை 116-81 என்று வென்றுவிட்டதால், மேற்குப் பகுதியின் எட்டாவது இடம், அதாவது ப்ளேஆஃபுக்குப் போகும் கடைசி இடம், ராக்கெட்ஸுக்குப் போய்விட்டது. ஜாஸ் களத்தில் இறங்கும் முன்பே அவர்களுடைய சீசன் முடிந்துவிட்டது. அந்த ஏமாற்றத்தோடு, எதிரணி வீரரின் வழியனுப்பு விழாவில் விருந்தாளியாக நின்று ஆடுவது எவ்வளவு கஷ்டம். அவர்கள் பக்கம் நின்று யாருமே பேசுவதில்லை.

ஜாஸ் என்றதும் பழைய ரசிகர்களுக்கு இன்னொன்று ஞாபகம் வரும். 1997 மே மாதம், 18 வயதுப் பையனாகக் கோபி இதே ஜாஸுக்கு எதிராக ப்ளேஆஃப் ஆட்டத்தில் எடுத்த ஷாட்களில் நாலு வளையத்தைக்கூடத் தொடவில்லை. ஆட்ட நேரத்தின் கடைசியில் ஒன்று, ஓவர்டைமில் மூன்று. லேக்கர்ஸ் அன்று வெளியேறியது. யூட்டாவில் அன்று சிரித்த சிரிப்பை நினைத்துப் பாருங்கள். 19 வருடம் கழித்து அதே சட்டை எதிரில் நிற்க, இப்படி முடிந்திருக்கிறது.

கடைசி மூன்று நிமிடம் அப்படி என்ன சிறப்பு? ஹைலைட்ஸ் பார்த்தால் போதாதா?

போதாது. ஹைலைட்ஸில் விழுந்த ஷாட் மட்டும் வரும், நடுவில் அவர் நடப்பது வராது.

நாலாவது குவார்ட்டரில் அவர் மட்டும் 23 புள்ளி. ஜாஸ் மொத்த அணியும் சேர்ந்து 21. கடைசி மூன்று நிமிட வாக்கில் லேக்கர்ஸ் 10 புள்ளி பின்னால். அதிலிருந்து லேக்கர்ஸ் எடுத்த அடுத்த 15 புள்ளியும் அவர் ஒருவர் போட்டது. ஒரு நிமிடம் இருக்கும்போது ஒரு த்ரீ, 95-96. அரங்கத்தில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. எங்கள் வீட்டிலும் அப்பா நாற்காலியை லேப்டாப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தார். தம்பி தன் போனை மெத்தையில் கவிழ்த்துவைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டான், அவனுடைய அணி வரலாறு படைத்துக்கொண்டிருந்த நேரத்தில்.

ஆட்டம் முடிய இன்னும் அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். கூட ஆடிய ஜூலியஸ் ராண்டில் வந்து எதிராளியை மறைத்து நிற்க, கோபி வலது பக்கமாக இரண்டு தட்டு தட்டி, நின்று, எழும்பினார். எழும்பினார் என்று சொல்கிறேனே தவிர, தரையைவிட்டு அதிகம் மேலே போகவில்லை, அந்தக் காலில் அவ்வளவுதான் மிச்சம் இருந்தது. ஆனால் கை பழைய கை. முழங்கை நேராக, மணிக்கட்டு மடங்கி, விரல் கீழே பார்த்தபடி, பந்து போய் விழும்வரை அப்படியே. 97-96. பின்னால் நடந்து வரும்போது அவர் முகத்தில் சிரிப்புகூட இல்லை, மூச்சு மட்டும்தான்.

சுமார் 15 விநாடி இருக்கும்போது இரண்டு ஃப்ரீ த்ரோ. 59. 60. அதற்குப் பிறகு ஜாஸ் தவறவிட்ட பந்து அவர் கைக்கு வந்தது. எல்லாரும் இன்னொரு ஷாட்டை எதிர்பார்க்க, அவர் தலை நிமிர்ந்து பார்த்து மைதானத்தின் அந்தக் கோடிக்கு நீளமாக ஒரு பாஸ் போட்டார். லேக்கர்ஸின் ஜோர்டன் கிளார்க்ஸன் பிடித்து, எழும்பி வளையத்துக்குள் அடித்து இறக்கினார், டங்க். 101-96. என்.பி.ஏ.வில் அவர் கடைசியாகச் செய்தது அந்த பாஸ். அன்று மைக் பிடித்துப் பேசியபோது அவரே இதைச் சொன்னார்: 20 வருடமாக எல்லாரும் பாஸ் பண்ணு பாஸ் பண்ணு என்று கத்தினார்கள், கடைசி நாள் மட்டும் பாஸ் பண்ணாதே என்கிறார்கள் என்று. பேச்சை "மாம்பா அவுட்" (மாம்பா என்பது அவருடைய பட்டப்பெயர்) என்று முடித்து மைக்கைக் கீழே வைத்தார்.

கோபியைப் பற்றி நல்லது மட்டுமே சொல்கிறீர்களே?

2003இல் கொலராடோவில் அவர்மேல் பாலியல் வன்முறை வழக்கு வந்தது. குற்ற வழக்கு 2004இல் கைவிடப்பட்டது, சிவில் வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது, அவர் மன்னிப்புக் கேட்டு அறிக்கை வெளியிட்டார். இதைத் தெரிந்துகொண்டு அவரை விலக்கிவைப்பவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை. கேட்கிற சின்னப் பிள்ளைகளிடமும் இதைச் சேர்த்தே சொல்கிறேன்.

அன்று வேறு ஆட்டங்களே இல்லையா?

நிறைய இருந்தது, பாவம் யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் அன்று உண்மையிலேயே பரபரப்பான திருப்பம் பாஸ்டனில். மியாமி ஹீட் பாதி நேரத்தில் 62-38 என்று முன்னால். இரண்டாம் பாதியில் மியாமி மொத்தமே 26 புள்ளிதான் எடுத்தது. பாஸ்டனின் செல்டிக்ஸ் அணி 60. முடிவு 98-88, பாஸ்டன் வெற்றி. அந்த ராத்திரி முடிந்தபோது கிழக்குப் பகுதியில் மியாமி, அட்லாண்டா, பாஸ்டன், ஷார்லட் என்று நாலு அணிகள் ஒரே மாதிரி 48-34இல் நின்றன. யாருக்கு மூன்றாவது இடம், யாருக்கு ஆறாவது இடம் என்று விதிப் புத்தகத்தைப் பிரித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது மியாமி, நாலாவது அட்லாண்டா, ஐந்து பாஸ்டன், ஆறு ஷார்லட். இந்திய நேரத்துக்கு அது விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கிய ஆட்டம், நாங்கள் எழுந்திருக்கவே இல்லை.

யோசித்துப் பாருங்கள், ப்ளேஆஃப் இடங்களை மாற்றிய ஆட்டம் இது. வாரியர்ஸ் முதலிடம் எப்போதோ உறுதியாகிவிட்டது, லேக்கர்ஸ் எப்போதோ வெளியே போய்விட்டது. அட்டவணைக்கு எதுவும் சேர்க்காத இரண்டு ஆட்டங்களைத்தான் நாம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆட்டத்தை ஆட்டத்துக்காகவே பார்க்கலாம் என்று எனக்குப் புரிய வைத்தது அந்தக் காலைதான். அதற்கு முன் நான் புள்ளிப் பட்டியலைப் பார்த்துவிட்டு, முக்கியமில்லாத ஆட்டம் என்றால் தூங்கிவிடுகிறவன்.

வாரியர்ஸ் கோப்பையை வெல்லவில்லையே, 73க்கு என்ன மதிப்பு?

முதலில் நாலு ஆட்டம் ஜெயிப்பவருக்கே கோப்பை என்கிற இறுதிச் சுற்றில் கிளீவ்லாண்டுக்கு எதிராக 3-1 என்று முன்னிலை பெற்று, அங்கிருந்து மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்றார்கள். ஜூன் 19, ஏழாவது ஆட்டம், 93-89. இறுதிச் சுற்றில் 3-1 பின்தங்கிய அணி மீண்டு வந்து வென்றது அதுதான் முதல் தடவை. தம்பி அன்று சாப்பிடவில்லை. சீசன் முழுக்கத் தொடர்ந்து இரண்டு தோற்காதவர்கள் கடைசியில் மூன்று தோற்றார்கள் என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை, அவனே சொன்னான்.

இருந்தாலும் 73 அப்படியே இருக்கிறது. கோப்பை வாங்காததால் அந்த 82 ஆட்டங்கள் நடக்காமல் போய்விடாது. புல்ஸ் 72உம் ஜெயித்துக் கோப்பையும் வாங்கியது, அதனால் அதுதான் சிறந்த அணி என்றால் ஒத்துக்கொள்கிறேன், தம்பிகூட ஒத்துக்கொள்வான். ஆனால் மதிப்பே இல்லை என்பவர்கள் அந்த ஆறு மாதத்தில் ஒரு வாரமாவது வாரியர்ஸ் ஆட்டத்தைப் பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

புதிதாகப் பார்ப்பவர்கள் எதை முதலில் பார்க்கலாம்?

வாரியர்ஸ் ஆட்டத்தை முதலில் பாருங்கள். பாஸ்கெட்பால் எப்படி ஆடப்பட வேண்டும் என்று அதில் தெரியும். பந்து ஒருவர் கையில் ஒரு விநாடிக்கு மேல் நிற்காது, ஐந்து பேரும் அசைந்துகொண்டே இருப்பார்கள். டிரேமாண்ட் கிரீன் பந்தைப் பிடிக்கும் முன்பே அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு பண்ணியிருப்பார். அது பழகிய பிறகு லேக்கர்ஸ் ஆட்டம். நாலாவது குவார்ட்டரை மட்டும் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், அந்த முதல் ஐந்து தவறிய ஷாட்டிலிருந்து பாருங்கள்.

2020க்குப் பிறகு அந்த ஆட்டத்தைத் திரும்பப் பார்க்க முடிகிறதா?

2020 ஜனவரி 26, கலபாசஸில் ஹெலிகாப்டர் விபத்து. கோபி, அவர் மகள் ஜியானா, கூட இருந்த ஏழு பேர், யாரும் பிழைக்கவில்லை. இங்கே அப்போது நள்ளிரவு, காலையில் எழுந்து போனை எடுத்தபோதுதான் தெரிந்தது. அன்று வேலைக்குப் போனேன், என்ன வேலை பார்த்தேன் என்று ஞாபகம் இல்லை. மத்தியானம் ஊரிலிருந்து அப்பா கூப்பிட்டார். டி.வி.யில் பார்த்திருக்கிறார். "வருசப் பிறப்பன்னிக்கு மூச்சு வாங்கிட்டே ஆடினானே, அந்தப் பையனாப்பா?" என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

அந்த வருடம் பொங்கல் முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவே கேட்டார், அதை மறுபடி போடேன் என்று. ஹாலில் அதே ஸ்டூல், அதே லேப்டாப். தம்பியும் இருந்தான். அம்மாவும் இந்தத் தடவை வந்து உட்கார்ந்தார். ஆட்டம் முடிந்ததும் கோபி மைதான ஓரத்துக்குப் போய் மனைவியையும் இரண்டு மகள்களையும் கட்டிக்கொள்கிற இடம் வரும். அதில் சின்னவள்தான் ஜியானா, அப்போது அவளுக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. அம்மா, "அந்தப் பொண்ணா?" என்று மட்டும் கேட்டார். அப்பா நிறுத்தச் சொல்லவில்லை, கிளார்க்ஸனுக்குப் போட்ட அந்தக் கடைசி பாஸை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார், போட்டேன்.